சாவை மட்டும் அளக்கும் முக்கோணம்

கோவில்பட்டியில எந்த உரக்கடைக்கு வேணும்னாலும் போய் ஒரு பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பிப் பாருங்க. சாய்வா நிக்கிற ஒரு சதுரக் கட்டம் இருக்கும். அதோட கீழ்ப்பாதி முக்கோணத்துக்கு ஒரு கலர். சிவப்புன்னா கொடிய விஷம். அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைன்னு படிப்படியா குறையும். எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரிக்கும் புரியணும்னு செஞ்ச ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதைக் குத்தம் சொல்ல வரலை.

ஆனா அந்தக் கலரை எப்படி முடிவு பண்றாங்கன்னு தெரியுமா? சோதனை விலங்குகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்து, அதுல பாதி சாகுறதுக்கு எவ்வளவு தேவைப்படுதுன்னு பார்ப்பாங்க. உடம்பு எடையில கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள்ள வாய்வழியாக் கொடுத்தாலே பாதி செத்துட்டா சிவப்பு. 500 வரைக்கும் மஞ்சள். 5000 வரைக்கும் நீலம். அதுக்கு மேல பச்சை. எவ்வளவு குடிச்சா சாவான், அதைத்தான் அந்த முக்கோணம் சொல்லுது. குடிக்காம, சாகாம, இருபது வருஷம் முதுகுல டேங்க்கைச் சுமந்து மருந்தடிக்கிறவனுக்கு என்ன ஆகும்? அவனுக்குப் பிள்ளை தங்குமா? இதுக்கு அந்தக் கட்டத்துல கலரே கிடையாது.

நம்ம தொழில் பாஷையில சொன்னா, புரோகிராம் கிராஷ் ஆகுதான்னு மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு கஸ்டமர் கையில கொடுத்தாச்சு. மெமரி லீக்கை யாரும் பார்க்கலை.

இந்தப் பதிவு அந்த மெமரி லீக்கைப் பத்தினது. கொஞ்சம் கூச்சப்பட வைக்கிற மேட்டர்தான். ஆனா கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே இதை மூடி வச்சிருக்கோம். அதனால நேராப் பேசிடுவோம்.

பழி யார் மேல?

கரிசக்காட்டுப் பக்கம் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிட்டா "விசேஷம் உண்டா?"ன்னு கேட்க ஆரம்பிச்சிருவாங்க. ரெண்டு வருஷம் தாண்டினா கேள்வி பொண்ணுகிட்ட மட்டும்தான் வரும். எங்க சொந்தத்துல ஒரு மதினிக்கு நாலு வருஷம் ஓடுச்சு. ஸ்கேன், ஊசி, மாத்திரை, கழுகுமலைக்கு நேர்த்திக்கடன், யாரோ சொன்னாங்கன்னு ஒரு கசாயம், எல்லாம் பார்த்தாச்சு. அண்ணனுக்குப் பதினஞ்சு வயசுல இருந்து காட்டுவேலை. முதல்ல பருத்தி, நடுவுல மிளகாய், இப்போ மக்காச்சோளம். சொந்தக் காட்டுக்கு அடிச்சது போக கூலிக்கும் அடிப்பார். அவங்க போய்க்கிட்டிருந்த ஆஸ்பத்திரி ஃபைல்ல அவரைப் பத்தி இருந்தது ஒரே ஒரு வார்த்தை. 'விவசாயம்'.

நாலாவது வருஷம் வேற ஒரு டாக்டரம்மாதான் "அவரைச் சோதிச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. சோதிச்சா அணு எண்ணிக்கை ரொம்பக் கம்மி.

இதுக்கு மருந்தடிச்சதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரே ஒரு ஆளை வச்சு எந்த டாக்டராலயும் அப்படிச் சொல்ல முடியாது. நான் கேக்குறது வேற. நாலு வருஷமா அந்தக் கேள்வியையே ஏன் யாரும் கேக்கலை?

காரணம் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். நம்ம ஊர்ல 'ஆண்மை'ன்னு ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு விஷயத்தைப் போட்டு அடைச்சு வச்சிருக்கோம். தாம்பத்தியத்துல ஒரு குறையும் இல்லாத ஆளுக்கு விந்துல ஒரு அணுகூட இல்லாமப் போகலாம். இது வேற, அது வேற. ஆனா பஸ் ஸ்டாண்டு சுவத்துல லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டுற போஸ்டர் ரெண்டையும் ஒண்ணாக்கி வச்சிருக்கு. அதனால டெஸ்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா "எனக்கு என்ன குறை?"ன்னு மீசையை முறுக்குறாங்க. அந்த மீசைக்குப் பதிலா ஊசி குத்திக்கிறது வீட்டுப் பொம்பளை.

தெரிஞ்சே மறைச்ச கதை

"பூச்சிமருந்துக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்குறவங்களுக்கு ஒரு பழைய கதை.

அமெரிக்காவுல டிபிசிபின்னு ஒரு மருந்து. மண்ணுல இருக்கிற நூற்புழுவைக் கொல்றதுக்கு. 1961லயே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, விதைப்பை சுருங்குதுன்னு அதைத் தயாரிச்ச கம்பெனி விஞ்ஞானிகளும் சேர்ந்தே ஆராய்ச்சிக் கட்டுரை போட்டுட்டாங்க. ஆனாலும் விற்பனை நடந்துக்கிட்டேதான் இருந்தது. 1977ல கலிபோர்னியாவுல லாத்ராப்ங்கிற ஊர்ல அந்த மருந்தைக் கலக்குற ஃபேக்டரித் தொழிலாளிகள் தங்களுக்குள்ள பேசிக்கும்போதுதான் கவனிச்சாங்க, ரொம்ப நாளா யாருக்குமே குழந்தை பிறக்கலைன்னு. டாக்டர்கள் சோதிச்சாங்க. மூணு வருஷத்துக்கு மேல அந்த வேலையில இருந்தவங்களுக்கு விந்தணு ஏறக்குறைய இல்லை. மூணு மாசத்துக்குள்ள வேலைக்கு வந்தவங்களுக்கு இயல்பா இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி எலி சொன்னதை மனுஷன் திரும்பச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அப்பவும் அங்க இருந்த பீச் பழ விவசாயிகள் சங்கம் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுச்சு. இனிமே பிள்ளை வேண்டாம்னு இருக்கிறவங்க விருப்பப்பட்டு அந்த வேலைக்கு வரலாமேன்னு யோசனை சொல்லி. நக்கல் இல்லைங்க, நிஜமாவே எழுதினாங்க. 1979ல அமெரிக்கா பெரும்பாலான பயிர்களுக்கு அதை நிறுத்துச்சு. அதுக்கு அப்புறமும் வேற நாடுகள்ல இருந்த வாழைத் தோட்டங்களுக்கு அது போனது தனிக்கதை. ஏழை நாட்டு ஆம்பளைக்குப் பிள்ளை பிறக்கலைன்னா உலகத்துல எந்தப் பேப்பரும் முதல் பக்கத்துல போடாது.

நம்ம நாட்டுல

இங்க யாரும் ஆராயலைன்னு நினைச்சுராதீங்க. ஆந்திரப் பருத்திக்காட்டுல மருந்தடிக்கிற ஆண்கள் ஆயிரம் பேருக்கு மேல எடுத்து, அவங்க குடும்பத்தை, மருந்து படாத அதே அளவு குடும்பங்களோட ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1991ல வெளிவந்தது. அடிச்சவங்க ஆண்கள். கணக்கெடுத்தது அவங்க மனைவிமார் கர்ப்பத்தை. மருந்தடிச்ச பக்கம் பிள்ளைப்பேறு குறைவு. கருச்சிதைவு, செத்துப் பிறக்கிறது, பிறந்து சில நாள்ல சாகிறது, பிறவிக் குறை எல்லாம் கூடுதல். இது நடந்து முப்பது வருஷத்துக்கு மேலாச்சு. அங்கயும் கரிசல், இங்கயும் கரிசல். அங்கயும் பருத்தி, இங்கயும் பருத்தி.

அடுத்தது காசர்கோடு. முந்திரித் தோட்டத்துக்கு மேல இருபது வருஷத்துக்கும் மேல ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான் தெளிச்ச ஊர். ஊனமாப் பிறந்த குழந்தைகளோட போட்டோ எல்லாரும் பார்த்திருப்பீங்க. போட்டோவுல தெரியாத ஒண்ணும் அங்க நடந்தது. அகமதாபாத்ல இருக்கிற தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் 117 பேரையும், மருந்து படாத ஊர்ப் பையன்கள் 90 பேரையும் சோதிச்சது. பத்துல இருந்து பத்தொன்பது வயசு. மருந்து பட்ட ஊர்ல பையன்கள் வயசுக்கு வர்றது தள்ளிப்போகுது, ஆண் ஹார்மோன் சுரப்புல கோளாறு தெரியுதுன்னு 2003ல முடிவை வெளியிட்டாங்க. மருந்துக் கம்பெனிகள் தரப்புல இருந்து மறுப்புக் கடிதங்கள் போச்சு. கடைசியா உச்ச நீதிமன்றம் 2011 மே மாசம் எண்டோசல்பானைத் தடை பண்ணுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு அஞ்சு லட்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது 2017ல. நடுவுல ஒரு தலைமுறைப் பையன்கள் பெரிய ஆளாகிட்டாங்க.

அதே எண்டோசல்பானை நம்ம பக்கம் பருத்திக்கு அடிச்சவங்க எத்தனை பேர்னு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

தீப்பெட்டி ஆபீஸ்

காடு மட்டும் இல்லை. கோவில்பட்டின்னா தீப்பெட்டி. வழக்கமான தீக்குச்சி மருந்துக் கலவையில பொட்டாசியம் குளோரேட், கந்தகம் இதுகளோட பொட்டாசியம் டைகுரோமேட்டும் ஒரு சரக்கு. ஆரஞ்சு நிறத்துல இருக்கும். அதுல இருக்கிறது குரோமியத்தோட ஆபத்தான வகை. வேலூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுல பேர் கெட்டுப்போன அதே குரோமியம்.

சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நம்ம ஊர்க் குரங்குக்கு குடிக்கிற தண்ணியில இந்தக் குரோமியத்தைக் கலந்து ஆறு மாசம் கொடுத்துப் பார்த்தாங்க. 2005, 2006 வாக்குல கட்டுரைகள் வந்தது. விதைப்பைத் திசு சிதைஞ்சது. விந்தணு எண்ணிக்கை குறைஞ்சது, நீந்துற வேகம் குறைஞ்சது. கவனிங்க, கொடுக்கிறதை நிறுத்தின பிறகு விந்து பழைய நிலைக்குத் திரும்புச்சு. அதாவது சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்தலாம். குரங்கு தண்ணியில குடிச்சது, தொழிலாளி மேல படுறது தூசி. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. ஆனா தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து கலக்குற ஆளை ஒரு தடவையாவது சோதிச்சுப் பார்க்கிறதுக்கு இது போதாதா?

வழக்கமா வர்ற பதில்கள்

ஊர்ல இதைப் பேசினா என்ன பதில் வரும்னு தெரியும். பின்னூட்டத்துலயும் அதுதான் வரும். அதனால முன்கூட்டியே :-)

*"ஜனத்தொகைதான் கூடிக்கிட்டே போகுதே?"* 1977ல கலிபோர்னியாவுலயும்தான் ஜனத்தொகை கூடிக்கிட்டு இருந்தது. லாத்ராப் தொழிலாளிக்கு அதனால என்ன பிரயோஜனம்? மாநிலச் சராசரியில ஒரு ஃபேக்டரியும் ஒரு கிராமமும் காணாமப் போயிடும்.

*"நாங்க முப்பது வருஷம் அடிச்சோம், எங்களுக்கு நாலு பிறக்கலையா?"* பிறந்தது சந்தோஷம். எண்ணிக்கை குறையுறது வேற, பூஜ்யமாகுறது வேற. குறையுறவனுக்குத் தாமதமாகும், கரு தங்காமப் போகும். உங்க நாலுக்கு நடுவுல கலைஞ்சது எத்தனைன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. ஆம்பளைங்களுக்கு அந்தக் கணக்கு ஞாபகம் இருக்காது.

*"எலியில டெஸ்ட் பண்ணித்தானே லைசென்ஸ் கொடுக்கிறாங்க?"* ஆமா, இனப்பெருக்க ஆய்வும் கேக்குறாங்க. ஆனா எலிக்கு விந்தணு தேவைக்கு மேல எக்கச்சக்கமா உற்பத்தியாகும். அதுல பெரும்பகுதியை அழிச்சாலும் எலி குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். மனுஷனுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. அதனால 'எலி குட்டி போட்டுச்சு'ங்கிறது நமக்கு உத்தரவாதம் ஆகாது. இன்னொண்ணு, லேப்ல எலிக்குக் கொடுக்கிறது ஒரு மருந்து. நம்ம ஆளு ஒரே டேங்க்ல மூணு மருந்தையும் ஒரு டானிக்கையும் ஊத்திக் கையால கலக்குறான். அந்தக் காக்டெயிலை எந்த எலி குடிச்சது?

*"லேப்டாப் சூடு, ஜீன்ஸ், பிராய்லர் கோழி..."* சூடு விதைப்பைக்கு ஆகாதுங்கிறது உண்மை. பிராய்லர் கோழி வாட்ஸப் டாக்டர்களோட சொத்து, அவங்களே வச்சுக்கட்டும். ஆனா ஒண்ணு. மடியில லேப்டாப் வச்சிருக்கிற நமக்கு லேப்டாப் பயம் பத்திக் கட்டுரை மேல கட்டுரையா கிடைக்குது. முதுகுல டேங்க் வச்சிருக்கிறவனுக்கு ஒரு துண்டு நோட்டீஸ் கிடையாது.

*"மருந்தடிக்காம விவசாயம் பண்ண முடியுமா?"* அடிக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. 1901ல கோவில்பட்டியில தொடங்கின ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணிப் பருத்தியில ரகம் ரகமா கொடுத்தது. சாறு உறிஞ்சுற பூச்சியைத் தாங்குற நாட்டுப் பருத்தி. அப்புறம் நீள இழை, வீரிய ரகம்னு போனோம், மருந்தும் கூடவே வந்தது. 2018ல படைப்புழு இந்தியாவுக்குள்ள வந்த பிறகு, அதிகம் அடிக்காம இருந்த மக்காச்சோளத்துக்கும் அடிக்க வேண்டியதாப் போச்சு. சம்சாரி ஆசைப்பட்டு அடிக்கலை. அவனை யாரும் குத்தவாளியாக்க வேண்டாம். அவன் உடம்புல என்ன நடக்குதுன்னு அளந்து சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்.

*"நிரூபணம் எங்க?"* இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற கேள்வி. அளக்கவே மாட்டேன்னு உக்காந்துக்கிட்டு அளவு எங்கன்னு கேக்குறது. டென்மார்க்ல 1996ல இருந்து, ராணுவ உடல்தகுதிச் சோதனைக்கு வர்ற பையன்கள்ல சம்மதிக்கிறவங்க விந்தைச் சோதிச்சுக் கணக்கு வச்சிருக்காங்க. அவங்களுக்கு வருஷா வருஷம் கிராஃப் இருக்கு. நமக்கு "ஆண்டவன் கொடுக்கலை" இருக்கு.

என்ன செய்யணும்?

புதுச் சட்டம்கூட வேண்டாம். 1971ஆம் வருஷப் பூச்சிக்கொல்லி விதிகள்ல 37ஆவது விதி என்ன சொல்லுதுன்னு பாருங்க. மருந்து தயாரிக்கிற இடத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சோதனை. தெளிக்கிற வேலையில இருக்கிறவங்க மாதிரி மத்தவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. மருந்தோட வகையைப் பொறுத்து ரத்தச் சோதனையும் உண்டு. புத்தகத்துல இருக்கு. கூலிக்கு மருந்தடிக்கிற ஒருத்தரையாவது வருஷத்துக்கு ஒரு தடவை சோதிச்சதா நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் கேள்விப்படலை. 2017ல யவத்மால்ல பருத்திக்கு மருந்தடிச்சவங்க இருபது பேருக்கு மேல செத்தப்பதான் நாடே திரும்பிப் பார்த்தது. இங்கயும் அதே முக்கோணக் கணக்குதான். செத்தா மட்டும் எண்ணுவோம்.

என் கோரிக்கைகள் இவ்வளவுதான்.

1. குழந்தை இல்லைன்னு ஒரு ஜோடி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பொண்ணுக்கு முதல் ஊசி போடுறதுக்கு முன்னாடி ஆணுக்கு விந்துச் சோதனை. அதுல ஊசி கிடையாது, கத்தி கிடையாது, ஸ்கேனை விட மலிவு. ரெண்டுல இருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கணும். குறைஞ்சிருந்தா இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லணும்.

2. 'விவசாயம்'னு ஒரு வார்த்தை எழுதி ஃபைலை மூடக்கூடாது. என்ன மருந்து, எந்த மாசம், எத்தனை டேங்க், கடைசியா எப்போ அடிச்சார், இதெல்லாம் எழுதணும். ஏன்னா ஒரு விந்தணு உருவாகி வெளிய வர ஏறக்குறைய மூணு மாசம். கார்த்திகையில அடிச்சது மாசியிலதான் தெரியும். சோதனை எந்த மாசம்னு தெரியாம ரிசல்ட்டைப் படிக்கிறதுல அர்த்தம் இல்லை.

3. கரிசல் வட்டாரத்துல ஒரு ஒழுங்கான ஆய்வு. மருந்தடிக்கிறவங்க, தீப்பெட்டி மருந்து கலக்குறவங்க, ரெண்டும் படாதவங்க. தூத்துக்குடியில மருத்துவக் கல்லூரி இருக்கு. கோவில்பட்டியிலயே அரசு ஆஸ்பத்திரி இருக்கு. எடுத்த எடுப்புல விந்து கேட்டா எவனும் வரமாட்டான்னா, முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கல்யாணத்துக்கும் முதல் கருவுக்கும் நடுவுல எத்தனை மாசம்? கலைஞ்சது உண்டா? இந்தக் கணக்கே பாதி விஷயத்தைச் சொல்லிடும்.

4. அந்த லேபிள் கட்டத்துல இன்னொரு குறி. 'தொடர்ந்து அடித்தால் பிள்ளைப்பேறு பாதிக்கலாம்'னு தெரிஞ்ச மருந்துக்கு, பாமர ஜனத்துக்குப் புரியற மாதிரி ஒரு படம்.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் ஊருக்குப் போகும்போது சொல்லிட்டு வாங்க. அடைச்ச நாசிலை வாயால ஊத வேண்டாம். கையால கலக்க வேண்டாம், குச்சி வச்சுக்கங்க. லுங்கியோட, சட்டை இல்லாம அடிக்க வேண்டாம். காத்துக்கு எதிர அடிக்க வேண்டாம். வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு, அந்தத் துணியைத் தனியா துவைக்கணும். கையுறையைப் பார்த்துச் சிரிக்கிறவன்கிட்ட லாத்ராப் கதையைச் சொல்லுங்க.

நம்மள்ல பாதிப்பேர் காட்டுல இருந்து வந்த காசுல இன்ஜினியரிங் படிச்சவங்க. அந்தக் காட்டுல இன்னும் நிக்கிற அண்ணனும் மச்சானும் நம்ம பேச்சை ஓரளவு கேப்பாங்க. அடுத்த தடவை சொந்தத்துல ஒரு பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு போன் வந்தா, "மாப்பிள்ளையைச் சோதிச்சாச்சா, டாக்டர் அவர் வேலையைப் பத்திக் கேட்டாரா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. ஒரு வீட்டுல நாலு வருஷம் மிச்சமாகும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுற ஆளு. குழந்தை இல்லாததுக்கு நூறு காரணம் இருக்கும், அதுல இது ஒண்ணு. பயப்படுறதுக்காக இதை எழுதலை, சோதிச்சுப் பார்க்கிறதுக்காக. மாத்துக் கருத்து இருந்தா தாராளமா வந்து கும்முங்க. ஆனா தயவுசெஞ்சு யாரும் சிட்டுக்குருவி லேகியம் சிபாரிசு பண்ணிடாதீங்க :-)